உங்களுக்குத் தெரியுமா? - நகரும் வீடு நகராது!

அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் ‘மொபைல் ஹோம்’களில் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்து வந்து, மனையில் இறக்கிவைக்கும் வீடுகள் இவை. சதுர அடிக்கு ஆகும் செலவு, மனையிலேயே கட்டும் வீட்டில் சுமார் பாதிதான். அப்படியும் பலர் வாங்கத் தயங்குகிறார்களே, ஏன்?

● ‘மொபைல்’ என்பதெல்லாம் பேரில்தான். தொழிற்சாலையிலிருந்து மனைக்கு வருவதே பெரும்பாலான வீடுகளுக்கு முதலும் கடைசியுமான பயணம். பெயர்த்தெடுத்து வேறு ஊரில் வைக்க ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். இரண்டு பாதிகளாக வந்து பொருத்தப்படும் ‘டபுள் வைட்’ என்றால், பிரிக்க ஒரு கூலி, இரண்டு லாரி, மறுபடி பொருத்த இன்னொரு கூலி!

● காசு இருந்தாலும் நினைத்த ஊருக்கு எடுத்துப்போக முடியாது. அமெரிக்காவைக் காற்று வேகத்துக்கு மூன்று மண்டலம், கூரை தாங்கும் பனிச் சுமைக்கு மூன்று மண்டலம் என்று பிரித்திருக்கிறார்கள். தென் மண்டலத்துக்காகச் செய்த கூரை சதுர அடிக்கு 20 பவுண்டு தாங்கினால் போதும். வட மண்டலத்தில் 40 பவுண்டு தாங்க வேண்டும்.

● 1976 ஜூன் 15. இந்தத் துறையில் மறக்கக் கூடாத தேதி. தொழிற்சாலை வீடுகளுக்கான மத்திய அரசின் தர விதிகள் அன்றுதான் அமலுக்கு வந்தன. அதற்குப் பிறகு செய்தவற்றுக்குச் சட்டப் பெயர் ‘மேனுஃபாக்சர்டு ஹோம்’. வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு பதித்திருக்கும். அந்தத் தேதிக்கு முந்தைய வீடா? கடனும் இன்ஷூரன்ஸும் கிடைப்பது குதிரைக்கொம்பு.

● வீட்டுக்குப் பத்திரம் இருக்கும் என்றுதானே நினைப்போம்? பல மாநிலங்களில் இதற்கு இருப்பது, நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி வாகன உரிமைச் சான்று! சொந்த மனையில் நிரந்தரமாக அமர்த்தி, அந்தச் சான்றை ஒப்படைத்து, அசையாச் சொத்தாக மாற்றிக்கொள்ள வழி உண்டு. அதற்கான நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

● அசையும் சொத்து என்றால் கடனும் அப்படித்தான். இதற்கு ‘சாட்டல் லோன்’ என்று பெயர். வீட்டுக்கடனைவிட வட்டி அதிகம், தவணைக்காலம் குறைவு. தவணை தவறினால், காரைத் தூக்கிப்போவது போல வீட்டை மீட்டுக்கொள்ளும் வேலையும் சுருக்காக முடிந்துவிடும். மொபைல் ஹோம் வாங்கத் தரப்படும் கடன்களில் 42 சதவீதம் இந்த ரகம் என்கிறது, அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் 2021 அறிக்கை.

● ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ‘அடிமனை’ என்றாலே புரியும்: கட்டடம் நம்முடையது, மண் கோயிலுடையது. மொபைல் ஹோம்களை நிறுத்த மனைகளை வாடகைக்கு விடும் ‘பார்க்’குகளிலும் கதை இதேதான். வீட்டுக்குத் தவணை ஒரு பக்கம், மண்ணுக்கு ‘லாட் ரென்ட்’ இன்னொரு பக்கம். கடன் தீர்ந்தாலும் வாடகை தீராது. அதை ஏற்றிவிட்டால் “வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லவும் வழியில்லை. வீட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இந்தப் பிடியைக் கணக்குப் போட்டுத்தான் பெரிய முதலீட்டு நிறுவனங்கள் பார்க்குகளை வாங்கிக் குவிக்கின்றன.

● பார்க் முதலாளி நிலத்தை விற்று, அங்கே கடைவளாகம் வருகிறது என்று வையுங்கள். குடியிருப்பவர் வீட்டைச் சொந்தமாக வைத்துக்கொண்டே தெருவுக்கு வருவார். பழைய வீட்டை வேறு பார்க்குகள் பலவும் சேர்த்துக்கொள்வதில்லை.

● மொபைல் ஹோம் விலை ஏறவே ஏறாது என்பது பாதி உண்மை. சொந்த மனையோடு சேர்ந்தவற்றின் விலை, மற்ற வீடுகளை ஒட்டியே ஏறியிருக்கிறது என்று அமெரிக்க அரசின் வீட்டு விலைக் குறியீடுகள் காட்டுகின்றன. வாடகை மனையில் நிற்பவற்றுக்குத்தான் காரைப் போல விலை இறங்கும் அபாயம் அதிகம். கட்டடம் தேயும், மண் ஏறும் என்ற கணக்கு அங்கேயும் மாறவில்லை.

● 1992 ஆகஸ்ட்டில் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைத் தாக்கியபோது, ஹோம்ஸ்டெட் என்ற ஒரே ஊரில் 1,176 மொபைல் ஹோம்களில் 1,167 தரைமட்டமாயின. அதன் பிறகுதான், 1994-ல், புயல் பகுதிகளுக்கான காற்றுத் தாங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன. முந்தைய வீடுகள் பல இன்னமும் புழக்கத்தில் இருக்கின்றன.

● சூறாவளிச் சுழல் வந்தால் கட்டிய வீட்டுக்காரர், பேஸ்மென்ட் (நிலவறை) இருந்தால் அதில் இறங்கிப் பதுங்குவார். மொபைல் ஹோமுக்குக் கீழே இருப்பதோ தூண்கற்களும் காலி இடமும்தான். தரையில் முடுக்கிய இரும்புப் பட்டைகள்தான் வீட்டைப் பிடித்துவைத்திருக்கும். “எச்சரிக்கை வந்ததும் வீட்டை விட்டு வெளியேறி உறுதியான கட்டடத்துக்குப் போங்கள்” என்பதே அமெரிக்க வானிலைத் துறை இவர்களுக்குச் சொல்லும் புத்திமதி.

● அந்தக் காலி இடம் வேறு தொல்லையும் தரும். குளிர்காலத்தில் அடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். மின்சாரத்தில் சூடேறும் பட்டையைச் சுற்றிவைப்பார்கள். மண் இறங்கினால் தூண் சாயும், வீடு கோணும். கதவு சரியாகச் சாத்தவில்லையா? கதவைச் செதுக்காமல், ஜாக்கி வைத்து வீட்டையே மட்டம் பார்ப்பார்கள்!

● வழியே இல்லையா? உண்டு. 1984-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் ஊரில் 13 வீட்டுக்காரர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து, கடன் வாங்கி, தாங்கள் குடியிருந்த பார்க்கையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். பிறகு வாடகையை நிர்ணயிப்பதும் அவர்களே. அந்த வழியில் இன்று நூற்றுக்கணக்கான பார்க்குகள் குடியிருப்பவர்கள் கைக்கு வந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை, “மலிவா ஒரு வீடு வந்திருக்குப்பா” என்று போனில் சொன்னால், விலையை அப்புறம் கேளுங்கள். மனை யார் பேரில் என்று முதலில் கேளுங்கள்!