ஊரில் இல்லாதவரின் வாக்கு

தேர்தல் நாளன்று வாக்குச் சாவடியின் முன் நீண்டு நிற்கும் வரிசையைப் பற்றி யாவரும் பேசுகிறோம். அந்த வரிசையில் காணப்படாதவர்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் ஊராட்சித் தேர்தலைப் பொறுத்தவரை, வந்தவர்களைப் போலவே வராதவர்களும் முடிவை நிர்ணயிக்கக்கூடும். பிழைப்பின் பொருட்டு வெளியூர் சென்றவர், நோயுற்றுப் படுக்கையில் இருப்பவர், ஊரை விட்டே குடிபெயர்ந்தும் பட்டியலில் பெயர் நிலைத்திருப்பவர் என இவர்கள் பல வகையினர். இவர்களுடைய வாக்கு என்ன ஆகிறது, என்ன ஆதல் வேண்டும் என்பதை இங்குச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு எல்லைப்புற ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வது பொருந்தும். பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு எல்லையில் அமைந்திருப்பது எருத்தேன்பதி ஊராட்சி. பழைய கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்த இப்பகுதி, 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. எனினும், வீட்டிலும் கடைத்தெருவிலும் இங்கு வழங்கும் மொழி பெரும்பாலும் தமிழே. தென்னந்தோப்பின் இப்பக்கம் கேரளம். அப்பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும் நடைபெறுகின்றன. சரக்குக்குப் பொள்ளாச்சி, வேலைக்குக் கோவையும் திருப்பூரும் என்று மக்கள் போவதும் வருவதும் அன்றாட நிகழ்ச்சி. ஆகவே, ‘ஊரில் இருப்பவர் யார்? ஊரில் இல்லாதவர் யார்?’ என்னும் வினா, வேறெங்கும் விட இங்கே சிக்கலானது.

ஊராட்சித் தேர்தலில் இந்த வினாவுக்கு ஏன் இத்துணை முக்கியத்துவம் என்று சிலர் கேட்கலாம். நாடாளுமன்றத் தொகுதியில் வாக்காளர் பல லட்சம் பேர். அங்கே பத்துப் பிழையான வாக்குகளால் முடிவு மாறுவது அரிதினும் அரிது. கிராம ஊராட்சியின் வார்டிலோ வாக்காளர் பொதுவாக ஆயிரத்தை ஒட்டியோ அதற்குச் சற்று மிகுந்தோதான் இருப்பர். ஒரே ஒரு வாக்கால் வெற்றி கிட்டுவதும், வாக்குகள் சமமாகிச் சீட்டெடுத்து முடிவு செய்வதும் கேரளத்தில் பலமுறை கண்ட நிகழ்ச்சிகள். மேலும், அம்மாநிலத்தில் கிராமப்புற வாக்காளர் ஒவ்வொருவரும் கிராம ஊராட்சிக்கு ஒன்று, வட்டார ஊராட்சிக்கு ஒன்று, மாவட்ட ஊராட்சிக்கு ஒன்று என மூன்று வாக்குகளை ஒரே வேளையில் அளிக்கிறார். எனவே ஒரு பொய்யான வாக்காளர் உள்ளே நுழைந்தால், மூன்று மன்றங்களின் முடிவிலும் பொய் கலக்கிறது. குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் வரவேண்டும், வீடில்லாதார் பட்டியலில் யார் பெயர் இடம்பெற வேண்டும் என்பவை போன்ற காரியங்கள் அம்மன்றங்களின் கையில் இருக்கின்றன என்பதை நினைவிற் கொண்டால், இதன் பொருள் விளங்கும்.

ஊரில் இல்லாதவர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு திரும்புகிறான். மகள் மணமாகி, பொள்ளாச்சியை அடுத்த ஒரு சிற்றூரில் பத்து ஆண்டுகளாக வாழ்கிறாள். சிற்றப்பாவுக்கு எல்லையின் இருபுறமும் வீடு உண்டு. ரேஷன் அட்டை ஒருபுறம், தோப்பு மறுபுறம். பாட்டியோ கட்டிலை விட்டு இறங்க இயலாதவள். இந்நால்வரும் தேர்தலன்று சாவடிக்கு வரவில்லை என்றால், அவர்களைப் பற்றி நாம் ஒரே முடிவுக்கு வருதல் தகுமா? மகன் ஊரைச் சேர்ந்தவன். தற்காலிகமாக வெளியே இருக்கிறான். மகள் வேறு ஊரின் குடியாகிவிட்டாள். சிற்றப்பா தமக்குரிய ஊர் எது என்பதைத் தெளிவுபடுத்த வேண்டியவர். பாட்டி ஊரிலேயே இருந்தும் வர இயலாதவள்.

இந்த வேறுபாட்டை நம் சட்டம் கவனியாமல் இல்லை. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் எந்தத் தொகுதியில் ‘வழக்கமாக வசிக்கிறாரோ’ அந்தத் தொகுதியில் மட்டுமே பெயரைப் பதிந்துகொள்ளலாம் என்கிறது. ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பது மட்டுமே அங்கு வசிப்பதற்குச் சான்றாகாது. அவ்வாறே, தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதாலேயே ஒருவர் தம் ஊரின் குடி அல்லாதவர் ஆகிவிடுவதும் இல்லை. ஒரே ஆள் இரண்டு தொகுதிகளில் பெயர் கொள்வதை அச்சட்டம் தடுக்கிறது; பொய்யான உறுதிமொழி அளித்துப் பெயரைப் பதிந்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் இடம் உண்டு. 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும், ஊரில் வழக்கமாக வசிப்பவருக்கே வாக்குரிமை என்னும் இதே நெறியைத்தான் கொண்டிருக்கிறது.

இந்நெறி நமக்குப் புதியதன்று. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏறத்தாழ 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தில் அமர விரும்புவோர் சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருத்தல் வேண்டும் என்பது அங்கு விதித்த தகுதிகளுள் ஒன்று. அது ஒரு வகுப்பாரின் சபை. அன்றைய தேர்வு சீட்டெடுப்பே தவிர, யாவருக்கும் உரிய வாக்களிப்பு அன்று. ஆயினும், ஊரை ஆள்பவருக்கு ஊரோடு உறவு வேண்டும் என்பதும், ஓலை எடுக்கும் காரியம் பலர் முன்னிலையில் நடைபெற வேண்டும் என்பதும் அக்கல்லில் தெளிவாக உள்ளன.

சட்டம் இருந்தும் தவறு எவ்வாறு நேர்கிறது? ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க இடக்கை ஆட்காட்டி விரலில் மை வைக்கிறார்கள் அல்லவா? 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல் வழங்கிவரும் இந்த மை, மைசூரில் உள்ள அரசு நிறுவனத்தில் தயாராகிறது. வெள்ளி நைட்ரேட்டு கலந்திருப்பதால் தோலோடு பற்றிக்கொள்ளும். உடனே கழுவினால் போகாது. ஆனால் சில வாரங்களில் நகமும் தோலும் வளர வளர அது மறைந்துவிடும். எல்லைப்புறத்தின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. கோவை மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடைபெற்றது. பாலக்காடு மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் 2020 டிசம்பர் 10-ஆம் நாள் நடைபெற்றது. அடுத்தது 2025 டிசம்பர் 11-ஆம் நாள். இருபுறமும் பெயர் வைத்திருப்பவர் ஓராண்டு இடைவெளியில் இருபுறமும் வாக்களித்தால், அவரைக் காட்டிக்கொடுக்க விரலில் எந்த அடையாளமும் இராது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது அந்தந்த மாநிலத்தின் தேர்தல் ஆணையம். ஆணையங்களும் இரண்டு, பட்டியல்களும் இரண்டு.

சட்டமன்றத் தேர்தலில் நிலைமை சற்று வேறு. 2021 ஏப்ரல் 6-ஆம் நாள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடைபெற்றது. அதற்குச் சில நாட்களுக்கு முன், அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னித்தலா, கேரளப் பட்டியலில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டைப் பதிவுகள் இருப்பதாகக் கேரள உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார். தேர்தல் ஆணையமோ, தான் ஆராய்ந்து கண்டவை 38,586 என்றது. இரட்டைப் பதிவுள்ளவர் சாவடிக்கு வந்தால் அவரது புகைப்படத்தை எடுக்க வேண்டும், உறுதிமொழி பெற வேண்டும், விரல் மை உலர்ந்த பிறகே வெளியே விடவேண்டும் என்னும் ஏற்பாடுகளுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இத்துடன் வராதோர், இடம்பெயர்ந்தோர், இறந்தோர் ஆகியோரின் தனிப்பட்டியலும் அலுவலர் கையில் இருக்கும். இவை யாவும் நல்ல காவலே. எனினும் இவை பிழை நேர்ந்த பின் வாசலில் நின்று தடுப்பவை. பிழை தோன்றும் இடம் பட்டியலே.

இனி, உண்மையாகவே வர இயலாதவரைப் பற்றிக் கருதுவோம். பெருந்தொற்றுக் காலத்தில் நடைபெற்ற 2020-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தலில், நோயுற்றோருக்கும் தனிமைப்படுத்தப்பட்டோருக்கும் கேரளம் சிறப்புத் தபால் வாக்கு முறையை ஏற்படுத்தியது. அலுவலர்களே வீடு தேடிச் சென்று வாக்குச்சீட்டையும் உறையையும் தந்தனர். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு நோய் கண்டவர்கள், பாதுகாப்பு உடை அணிந்து, இறுதி வேளையில் சாவடிக்கே வந்து வாக்களிக்க இடம் தரப்பட்டது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இது சான்று. நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் 85 வயது நிறைந்தோரும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உடற்குறை உடையோரும் இன்று வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். ஊராட்சித் தேர்தலிலும் நம் பாட்டியைப் போன்றோருக்கு இவ்வசதி நிலையாகக் கிடைத்தல் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. திருப்பூர் மகனின் குறையும் எளியதன்று. தேர்தலுக்காகப் பாலக்காட்டில் விடும் விடுமுறை மாநில எல்லையைத் தாண்டிச் செல்வதில்லை. அவன் ஒருநாள் கூலியை இழந்தே வரவேண்டியிருக்கிறது.

அவ்வாறாயின், கேட்டவர்க்கெல்லாம் தபால் வாக்கு அளித்துவிடலாமே என்று தோன்றும். இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனில் 2001-ஆம் ஆண்டு முதல், காரணம் கூறாமலே எவரும் தபால் வாக்குக் கேட்டுப் பெறலாம் என்று விதித்தார்கள். 2004 ஜூன் மாதம் பர்மிங்ஹாம் நகராட்சித் தேர்தலில், ஆஸ்டன், போர்டெஸ்லி கிரீன் என்னும் இரு வார்டுகளில் தபால் வாக்குச்சீட்டுகளைப் பெருமளவில் திரட்டித் திருத்தியும் நிரப்பியும் மோசடி செய்தது 2005-இல் தேர்தல் நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. ஆறு உறுப்பினர்களின் தேர்வு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அதன் பிறகு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால், தபால் வாக்காளரின் கையொப்பமும் பிறந்த தேதியும் ஒப்புநோக்கப்படலாயின. சாவடியில் வாக்காளர் மறைப்புக்குள் தனியே நிற்கிறார். அங்கே கணவனும் முதலாளியும் கட்சிக்காரரும் எட்டிப்பார்க்க இயலாது. வீட்டுத் திண்ணையில் அத்தகைய மறைப்பு இல்லை. ஆகவே, வாக்குச்சீட்டை அலுவலரே கொண்டுவந்து, வாக்காளர் தனித்துக் குறியிட்டதும் தாமே உறையில் பெற்றுச் செல்லும் முறையே சிறந்தது. இடையில் வேறு எவர் கையும் அச்சீட்டில் படலாகாது.

வர இயலாதவருக்கு வழி செய்தலும், வாழாதவரின் பெயரை நீக்குதலும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மையில் இரண்டும் ஒரே கடமையின் இரு பகுதிகளே. பட்டியல் தூயதாக இருந்தால்தான் வீடு தேடிச் செல்லும் அலுவலர் உரிய வீட்டுக்குச் செல்வார். நீக்கும் வேலையிலும் நிதானம் வேண்டும். ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்பது ஒருவர் ஊரை விட்டுப் போனதற்குச் சான்றாகாது. திருப்பூருக்குச் சென்ற மகனின் வீடும் பூட்டியேதான் இருக்கும். தமக்கு வாக்களியாதவரின் பெயர்களைத் தேடிப்பிடித்து ஆட்சேபணை எழுதுவதும் வாக்கைத் திருடுவதற்கு ஒப்பாகும். அதனாற்றான், பெயரை நீக்குவதற்கு முன் உரியவருக்கு அறிவிப்புத் தந்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

இதில் நாம் செய்யக்கூடியது என்ன? கேரளத்தில் ஊராட்சித் தேர்தலின் வாக்காளர் பட்டியல் சட்டமன்றப் பட்டியலினின்றும் வேறானது. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நம்பிவிடுதல் கூடாது. வரைவுப் பட்டியல் வெளியாகும்போது ஊராட்சி அலுவலகத்தில் அதைப் பார்வையிடலாம். கிராம ஊராட்சியின் செயலாளரே பதிவு அலுவலர். பெயர் சேர்க்கவும் நீக்கவும் அவரிடமே மனுச் செய்தல் வேண்டும். மணமாகிச் சென்ற மகளின் பெயரை நீக்க வேண்டும் என்று தந்தையே தெரிவிப்பதும், இறந்தவரின் பெயரை வீட்டாரே அறிவிப்பதும் ஊருக்குச் செய்யும் தொண்டாகும். இருபுறமும் வீடுள்ளவர் தாம் உண்டு உறங்கி வாழும் ஊரைத் தேர்ந்துகொண்டு, மறுபுறத்துப் பெயரைத் தாமே விட்டுக்கொடுத்தல் வேண்டும். சாவடியில் உங்கள் பெயரில் வேறொருவர் முன்பே வாக்களித்துவிட்டதாகக் கண்டால், மனம் தளர்ந்து திரும்பிவிடாதீர்கள். அலுவலரிடம் அடையாளத்தை மெய்ப்பித்து, ‘ஆய்வுக்குரிய வாக்கு’ அளிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வழக்கு எழுந்தால் அச்சீட்டே சாட்சி சொல்லும்.

பட்டியலில் உள்ள பெயர்களை அலுவலர் காகிதத்தில் காண்கிறார். அண்டை வீட்டாரோ ஆட்களாகவே அறிவர். யார் வேலைக்குப் போயிருக்கிறார், யார் குடிபெயர்ந்துவிட்டார், யார் படுக்கையில் இருக்கிறார் என்பது எருத்தேன்பதி போன்ற ஊரில் எவருக்கும் மறைவானதன்று. அடுத்த வரைவுப் பட்டியல் வெளியாகும்போது நாம் ஒவ்வொருவரும் ஒரு பிற்பகலை ஒதுக்கி, நம் தெருவின் பக்கத்தையாவது படித்துப் பார்ப்போமாக. வர இயலாதவரின் பெயர் அதில் இருக்கிறதா என்றும், வாழாதவரின் பெயர் அதில் எஞ்சியிருக்கிறதா என்றும் அன்று பார்த்துவிட்டால், தேர்தல் நாளின் பூசல்களில் பெரும்பகுதி எழவே எழாது.