கிராபிக்ஸ் கார்டில் குடியிருப்போர்

நடராஜப் பெருமான் திருநடனம் புரியும் ஐந்து சபைகளுள், திருவாலங்காட்டு ரத்தினசபை, தில்லைப் பொற்சபை, மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலித் தாமிரசபை ஆகிய நான்கிலும் விக்கிரக ரூபமாக ஆராதிக்கப்படும் மூர்த்தி, குற்றாலத்துச் சித்திரசபையில் மாத்திரம் சுவரில் தீட்டிய சித்திரமாகவே எழுந்தருளியிருக்கிறார் என்பது, சீசனுக்கு வந்து அருவியில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு பஸ் ஏறிவிடும் யாத்திரிகர்களில் பலர் கவனியாமல் போகிற விசேஷம். அந்தச் சுவர்களில் வேலை செய்த ஓவியர்கள் ஒரு தடவை தீட்டி முடித்ததும் தூரிகையைக் கீழே வைத்திருப்பார்கள். தென்காசிக் கடைவீதியில் உள்ள ஏதேனும் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர் திரைக்குப் படம் எழுதுகிற யந்திரத்துக்கோ அந்த ஓய்வு கிடையாது. குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்று 20,73,600 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையை விநாடிக்கு 60 தடவை புதுப்பிப்பது வழக்கமாகையால், கண் இமைத்து மூடும் நேரத்துக்குள் கோடிக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்கிற பிரயாசை அதற்கு விதிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பிரயாசையை மத்திய பிராசஸர் ஒன்றே சுமக்க இயலாது என்பதனால்தான் கிராபிக்ஸ் கார்டு தோன்றிற்று. பிராசஸரில் உள்ள கோர்கள் எண்ணிக்கையில் சொற்பம். ஆனால் ஒவ்வொன்றும் சிக்கலான காரியங்களையும் செய்து முடிக்கும் சாமர்த்தியம் உடையது. கார்டில் உள்ளவையோ ஆயிரக்கணக்கானவை. தனித்தனியே பெரிய சாமர்த்தியம் இல்லாவிட்டாலும், ஒரே விதமான கணக்கை ஏககாலத்தில் போடக்கூடியவை. ஸ்டுடியோக்களில் பரவலாகக் காணப்படும் ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற டெஸ்க்டாப் கார்டில் அவ்வித கோர்கள் 3,584. 1993-ல் ஸ்தாபிக்கப்பட்ட என்விடியா நிறுவனம், 1999-ல் ‘ஜீஃபோர்ஸ் 256’ என்ற கார்டை வெளியிட்டபோது ஜி.பி.யு. என்ற பெயரைப் பிரபலப்படுத்தியது. 2007-ல் ‘கூடா’ என்ற ஏற்பாட்டை வெளியிட்டு, படம் எழுதப் பிறந்த யந்திரத்தைப் பொதுவான கணக்குகளுக்கும் உபயோகிக்கலாம் என்று அதன் கதவைத் திறந்துவிட்டது. அன்று முதல், கார்டுக்குள் யார் யாரோ குடிபுகத் தொடங்கினார்கள். விளையாட்டும் சினிமாவும் மட்டுமல்லாமல், செயற்கை நுண்ணறிவும், கிரிப்டோ நாணயம் ‘தோண்டுகிற’ திருட்டுப் புரோகிராமும்கூட.

இந்த விவகாரம் தென்காசிக்குச் சம்பந்தமற்ற பட்டணத்து விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குற்றாலத்திலிருந்து அதிக தூரமில்லாத மத்தளம்பாறையில், 1996-ல் வேறொரு பெயரில் தொடங்கி 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட மென்பொருள் நிறுவனம், 2011 முதல் அலுவலகம் வைத்து நடத்துகிறது. அதன் ஸ்தாபகர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அந்தக் கிராமத்திலேயே வந்து குடியேறி, 2025 ஜனவரியில் நிர்வாகத் தலைமையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்பை ஏற்றார். அவ்வருஷம் ஜூலையில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘ஸியா’ மொழி மாதிரிகள் மூன்றும், முறையே 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளவுருக்கள் கொண்டவை. அவை என்விடியாவின் யந்திர சாதனங்களின் மீது பயிற்றுவிக்கப்பட்டவை. இந்த அளவிலான காரியத்தில், எந்தக் கார்டை எந்த வேலை பிடித்திருக்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று அறிவது வெறும் குதூகலத்துக்காக அல்ல. பணம் சம்பந்தப்பட்ட விஷயம். ஸோஹோவின் இன்னொரு கிளையாகிய ‘மேனேஜ்என்ஜின்’ உலகத்துக் கம்பெனிகளுக்கு விற்கும் பண்டங்களில் ஒரு பெரும் பகுதி, யந்திரங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று கவனித்துச் சொல்லும் மென்பொருளே.

அந்தப் பெரிய கவனிப்பின் சிறிய உருவம் நம் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் இலவசமாகவே இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். ‘பிராசஸஸ்’ பட்டியலில் ஜி.பி.யு. என்ற பத்தி இருக்கும். தென்படவில்லையென்றால் பத்திகளின் தலைப்பில் வலது கிளிக் செய்து அதையும், அடுத்துள்ள ‘ஜி.பி.யு. என்ஜின்’ என்பதையும் டிக் செய்துகொள்ளலாம். 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்துதான் இந்த வசதி உண்டு. அதற்கு முன் இதற்கென வேறு மென்பொருள்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பத்தியின் தலைப்பை ஒரு தடவை கிளிக் செய்தால், அதிகம் உபயோகிக்கும் புரோகிராம் முதலில் வந்து நிற்கும்.

இங்கே பலர் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு புரோகிராமுக்கு நேராக 70 சதவீதம் என்று கண்டால், கார்டு முழுவதிலும் 70 பங்கை அது சாப்பிடுகிறது என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில், கார்டுக்குள் முப்பரிமாணப் படம் எழுதுவதற்கு ஒன்று, வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கு ஒன்று, வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்குவதற்கு ஒன்று, தகவலை இடம் மாற்றுவதற்கு ஒன்று என்று பிரத்தியேகமான என்ஜின்கள் பல உண்டு; அவற்றுள் எது மிக அதிகமாக உழைக்கிறதோ அதன் சதவீதத்தையே டாஸ்க் மேனேஜர் அந்தப் பத்தியில் காட்டுகிறது. சாரல் குறைந்த நாளில் ஐந்தருவியின் ஒரு கிளையில் தண்ணீர் கொட்டி, மற்ற நான்கும் நூலாக இறங்கிக்கொண்டிருக்க, அந்த ஒன்றை மாத்திரம் பார்த்தவர் ஊருக்குப் போய் ‘அருவி நிறைந்து விழுகிறது’ என்று சொன்னால் எப்படியோ, அப்படி. எந்தக் கிளை என்பதைச் சொல்வதுதான் என்ஜின் பத்தி. இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு: கல்யாண வீடியோவைக் கோப்பாக்கும்போது சுருக்கும் என்ஜின் முழு மூச்சாக உழைத்துக்கொண்டிருக்க, ‘3டி’ என்ற வரைபடத்தை மட்டும் பார்த்து, கார்டு தூங்குகிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கி, ஆல்பமும் வீடியோவும் குவிந்து கிடந்த ஒரு சமயத்தில், எனக்குப் பழக்கமான ஸ்டுடியோக்காரர் ஒருவர், “கார்டு செத்துப்போச்சு அண்ணாச்சி, புதுசு போட்டாத்தான் வேலை ஓடும்” என்று வருத்தத்தோடு சொன்னார். லாப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மேற்சொன்ன பத்தியைத் திறந்து பார்த்தால், எடிட்டிங் புரோகிராமுக்கு நேரே ‘ஜி.பி.யு. 0’ என்று இருந்தது. விலையுயர்ந்த என்விடியா கார்டு ‘ஜி.பி.யு. 1’, அதன் வரைபடமோ தரையோடு தரையாகக் கிடந்தது. பிராசஸரோடு கூடப் பிறந்த இன்டெல் கிராபிக்ஸ்தான் தன் சக்திக்கு மீறிய சுமையைத் தூக்கிக்கொண்டு திணறிக்கொண்டிருந்தது. மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக லாப்டாப்புகளில் இவ்விரண்டும் மாறி மாறி வேலை செய்யும் ஏற்பாடு உண்டு. சில வேளைகளில் அந்தத் தீர்மானம் பிசகிவிடுகிறது. ‘செட்டிங்ஸ்’ சென்று, ‘சிஸ்டம்’, ‘டிஸ்பிளே’, ‘கிராபிக்ஸ்’ என்று இறங்கி, அந்தப் புரோகிராமுக்கு ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ என்று குறித்துவிட்டு மறுபடி திறந்ததும், செத்ததாகச் சொல்லப்பட்ட கார்டு விசிறியைச் சுழற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

ஆனாலும் வேகம் எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. காரணம் நினைவகத்தில் இருந்தது. ‘டீட்டெய்ல்ஸ்’ பட்டியலில், கார்டின் சொந்த நினைவகத்தை ஒவ்வொரு புரோகிராமும் எவ்வளவு வைத்திருக்கிறது என்று காட்டும் தனிப் பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதில், காலையில் திறந்து மினிமைஸ் செய்த பழைய ஆல்பம் புரோகிராமும், ஏராளமான டேப்கள் திறந்த பிரவுசரும், உழைப்பு பூஜ்யம் சதவீதமாக இருந்தும், இடத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. சொந்த நினைவகம் நிறைந்துவிட்டால், கார்டு கம்ப்யூட்டரின் பொது நினைவகத்திலிருந்து கடன் வாங்கும். அந்தக் கடன் போய் வரும் பாதை மெதுவானது. ஆகவே, உழைப்பவர் யார் என்று கேட்பதோடு, இடத்தைப் பிடித்திருப்பவர் யார் என்றும் கேட்டாக வேண்டும். என்னைக் கேட்டால், சதவீதத்தைவிட இந்த இரண்டாவது கணக்கே பெரும்பாலான வீடுகளில் உபயோகமானது என்பேன். ஆல்பம் புரோகிராமையும் பிரவுசரையும் மூடியதும், “இத முன்னாடியே சொல்லிருந்தா கடைக்காரங்கிட்ட அட்வான்ஸ் குடுத்திருக்க மாட்டேன்லா” என்று அவர் சிரித்தார்.

பட்டியலில் ‘டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்’ என்றொரு பெயர் எப்போதும் தென்படும். திரையிலுள்ள ஜன்னல்களையெல்லாம் ஒன்றாக அடுக்கிக் காட்டுவது அதுவே. அதைச் சந்தேகித்து நிறுத்த முற்படுவது வீண். மாக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ‘ஆக்டிவிட்டி மானிட்டர்’ திறந்து ‘விண்டோ’ மெனுவில் ‘ஜி.பி.யு. ஹிஸ்டரி’யைப் பார்க்கலாம். லினக்ஸ்காரர்களுக்கு ‘என்வி-டாப்’ என்ற அழகான கருவி இருக்கிறது.

என்விடியா கார்டு உள்ளவர்களுக்கு, டிரைவரோடு கூடவே வரும் ‘என்விடியா-எஸ்.எம்.ஐ.’ என்ற கட்டளை இன்னும் விசேஷமானது. கறுப்புத் திரையில் அதைத் தட்டினால், மேற்பாதியில் உஷ்ணம், விசிறியின் வேகம், இழுக்கும் மின்சாரத்தின் வாட் கணக்கு, நினைவகம் ஆகியனவும், கீழ்ப்பாதியில் கார்டை உபயோகிக்கும் புரோகிராம்களின் பெயர்களும் வரும். ஒவ்வொரு பெயருக்கும் அருகே ஆங்கில எழுத்துக் குறி நிற்கும்: ‘ஜி’ என்றால் படம் எழுதுவது, ‘சி’ என்றால் கணக்குப் போடுவது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி நடத்துகிறவர்கள் கண் வைப்பது அந்த ‘சி’யின் மீதுதான். 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒப்புதல் அளித்த இந்தியா ஏ.ஐ. திட்டத்தின்கீழ், மாணவர்களுக்கும் புதுக் கம்பெனிகளுக்கும் கார்டுகளை மணிக்கணக்கில் சலுகை வாடகைக்கு விடுகிறார்கள். வேலை முடிந்தும் மூடாமல் விட்ட ஒரு ‘நோட்புக்’ புரோகிராம், நினைவகத்தைப் பிடித்தபடி இரவு முழுவதும் கிடந்தால், பூஜ்யம் சதவீத உழைப்புக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும்.

மிஞ்சியிருப்பது திருட்டுக் குடித்தனக்காரர். ஓசிக்குக் கிடைத்த சாப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு நுழைந்து, நம் மின்சாரத்தில் நாணயம் தோண்டுகிற புரோகிராம், விண்டோஸுக்குச் சொந்தமானவற்றின் பெயரையே சூட்டிக்கொள்வது வழக்கம். அவ்வித பெயர் கார்டை அதிகமாக உபயோகிப்பதைக் கண்டால், அதன் மேல் வலது கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அது எந்த ஃபோல்டரில் வசிக்கிறது என்று பார்க்கலாம். விண்டோஸின் பெயரை வைத்துக்கொண்டு டவுன்லோட் ஃபோல்டரிலோ தற்காலிக ஃபோல்டரிலோ இருந்தால் சந்தேகம் பலப்படும். இவற்றுள் சில, டாஸ்க் மேனேஜர் திறக்கப்பட்டதை உணர்ந்து, அந்த நிமிஷமே அடங்கிவிடும் தந்திரமும் கற்றவை. யாரும் தொடாத கம்ப்யூட்டரில் விசிறி இரைந்துகொண்டே இருந்து, பட்டியலைத் திறந்ததும் சட்டென்று ஓய்ந்துபோனால், அதுவே ஓர் அடையாளம். அப்போது என்விடியா-எஸ்.எம்.ஐ. கட்டளையை, சில விநாடிகளுக்கு ஒரு தடவை தானாகவே ஓடி ஒரு கோப்பில் எழுதும்படி ஏற்பாடு செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடி, திரையை அணைத்துவிட்டுப் படுக்கப் போகலாம். மறுநாள் அந்தக் கோப்பைத் திறந்தால், நடுநிசிக்குமேல் வாட் கணக்கு எத்தனை மணிக்கு ஏறிற்று, எத்தனை மணிக்கு இறங்கிற்று, அந்நேரம் பட்டியலில் நின்ற பெயர் எது என்பதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும்.