தலைவரை எந்தப் பெட்டியில் அடைப்பது?

அம்பேத்கர் எப்படிப்பட்ட ஆளுமை? இந்தக் கேள்விக்கு நான்கு ஆங்கில எழுத்துகளில் விடை சொல்லும் பழக்கம் மாணவர்களிடையே பரவியிருக்கிறது. மையர்ஸ்-பிரிக்ஸ் வகைப்பாட்டின்படி மனிதர்கள் 16 வகை. புத்தகமும் கண்ணாடியுமாக இருக்கும் அவரது படத்தைப் பார்த்து, 'தனிமை விரும்பி, உணர்ச்சியைவிட அறிவை நம்புகிறவர்' என்று முடிவுகட்டுவது எளிது.

முதலில் கருவியைப் பார்ப்போம். கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட கருத்துகளைக் கொண்டு, அமெரிக்காவின் காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது இது. இருவரும் உளவியலில் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர். தன்னைப் பற்றித் தானே வினாத்தாளுக்கு விடை எழுத வேண்டும் என்பதே இதன் விதி. மறுமுறை எழுதினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் பழைய விமர்சனம். மறைந்த தலைவருக்கோ விடைகளையும் நாமே எழுதுகிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வகைப்பாடு நடத்தையை இயல்பாகக் கொள்கிறது. சாதிச் சமூகத்தில் நடத்தையின் பெரும்பகுதி திணிக்கப்பட்டது. பள்ளியில் அம்பேத்கர் கோணிப்பையில் தனியே உட்கார்ந்தார்; அது சிறுவனின் கூச்ச சுபாவம் அன்று. கொலம்பியாவில் படித்துத் திரும்பி பரோடாவில் பணியேற்றபோது, தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். மனிதத் துணையில்லாத ஏக்கத்தைப் புத்தகங்களில் மறக்க முயன்றதாக அவரே எழுதியிருக்கிறார். அங்கிருந்தும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். இந்தத் தனிமையை 'உள்முக ஆளுமை' என்று எழுதினால், தீண்டாமை செய்த வேலையை அவருடைய பிறவிக் குணத்தின் கணக்கில் எழுதுகிறோம்.

அவரது கோபமும் அப்படித்தான். 1927 மார்ச் 20 அன்று மகாடில் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று சவதார் குளத்து நீரைப் பருகினார். பிறகு சாதி இந்துக்கள் தாக்கியபோது, திருப்பித் தாக்க வேண்டாம் என்று தம் மக்களைத் தடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று அதே ஊரில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. முதலாவது நிதானம், இரண்டாவது சீற்றம். இரண்டும் அந்தந்த நேரத்து அரசியல் முடிவுகள். 1951இல் இந்து சட்ட மசோதா முடங்கியதை முன்னிட்டு அமைச்சர் பதவியைத் துறந்ததைப் 'பிடிவாதக்காரர்' என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட்டால், பெண்களின் சொத்துரிமையும் மணமுறிவு உரிமையும் விவாதத்திலிருந்தே காணாமல் போகும்.

இந்த ஊகத்தின் கடைசி விளைவு நம்மையே தாக்கும். தலைமை ஒரு வகையாரின் பிறவிக் குணம் என்றால், 'நான் அந்த வகை இல்லை' என்று ஒரு மாணவி ஒதுங்கிவிடலாம். மகாடில் அவரோடு நடந்தவர்கள் தங்கள் வகையைத் தெரிந்துகொண்டு வரவில்லை. குளத்து நீர் தங்களுக்கும் உரியது என்று தெரிந்து வந்தார்கள்.

ஆகவே தலைவரின் குணத்தைக் கேட்பதற்கு முன் மூன்றைக் கேட்போம்: அவர்முன் எந்தக் கதவுகள் அடைக்கப்பட்டன? எவற்றை அவர் தட்டினார்? யாரோடு சேர்ந்து தட்டினார்? இவற்றுக்கான விடைகள் அவருடைய எழுத்துகளிலும் பேச்சுகளிலும் இருக்கின்றன. அவற்றைப் படிப்போம்.