இத்தாலிய பைக்கும் மதுரை டயரும்

"அப்ரிலியா ஆர்எஸ் 457 வாங்கலாம் என்றிருக்கிறேன். தினமும் ஆபீஸ் போகவும் வேண்டும், அவ்வப்போது ட்ராக்கில் இறக்கவும் வேண்டும். ஒரே வண்டி இரண்டுக்கும் தாங்குமா?" என்று திருநகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தாங்கும். ஏன் தாங்கும் என்பதற்கு விளம்பரத் தாளில் விடை கிடைக்காது. தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உள்ளங்கை அகல ரப்பரில் இருக்கிறது விடை. அந்த ரப்பரைச் செய்யும் நிறுவனத்தின் சொந்த ஊர் மதுரை.

விளம்பரத் தாளை முதலில் பார்த்து முடித்துவிடுவோம். 457 சிசி, இரட்டை சிலிண்டர், 47.6 குதிரைத்திறன், பெட்ரோலோடு சேர்த்து 175 கிலோ. பந்தயக் களத்தில் பல ஆண்டு பாடுபட்டுக் கண்டடைந்த எண்கள் போல இவை விற்கப்படுகின்றன. ஐரோப்பாவில் இளம் ஓட்டிகளுக்குத் தரும் ஏ2 உரிமத்தில் சக்திக்கு வரம்பு 35 கிலோவாட். அதை மெட்ரிக் குதிரைத்திறனுக்கு மாற்றுங்கள்: 47.6. ஒரு கிலோவாட்டுக்கு வண்டி 5 கிலோவாவது எடை இருக்கவேண்டும் என்பது அதே உரிமத்தின் இன்னொரு விதி. 35-ஐ 5-ஆல் பெருக்குங்கள்: 175. சட்டம் போட்ட கோட்டை மிதித்துக்கொண்டு நிற்கும்படி வண்டியைச் செய்திருக்கிறார்கள். அது நல்ல பொறியியல்தான். அதில் 'ரேஸ் ரத்தம்' எதுவும் ஓடவில்லை.

வரலாறு கேட்பவர்களுக்கு: வெனிஸ் அருகே நோவாலே என்ற ஊரில், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் சைக்கிள் செய்யத் தொடங்கிய கம்பெனி அப்ரிலியா. 1997-இல் 125 சிசி, 1999-இல் 250 சிசி உலகப் பட்டங்களை வாலன்டினோ ரோஸி வென்றது இவர்கள் வண்டியில். 2004-இல் பியாஜியோ வாங்கியது. இந்த 457 மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகி, 2023 டிசம்பரில் 4.10 லட்சம் ரூபாய் ஷோரூம் விலைக்கு இந்தியாவில் அறிமுகமானது. வரலாறு இவ்வளவு போதும்.

டயருக்கு வருவோம். பின்னால் 150/60, முன்னால் 110/70, இரண்டும் 17 அங்குலம். பெயர் டிவிஎஸ் யூரோகிரிப் புரோடார்க் எக்ஸ்ட்ரீம். செய்வது டிவிஎஸ் ஸ்ரீசக்ரா. மேலூர் ரோட்டில் போகிறவர்களுக்கு வெள்ளரிப்பட்டித் தொழிற்சாலையைத் தெரியாமல் இருக்காது. இந்த நிறுவனத்துக்கு மிலான் நகரில் ஒரு வடிவமைப்பு மையமும் உண்டு. டயரின் ஓரத்தில் இருக்கும் 'இசட்' குறி, 240 கிலோமீட்டருக்கு மேலான வேகத்துக்கும் தாங்கும் என்று சொல்கிறது. வண்டி அந்த வேகத்தை எட்டப் போவதில்லை. அந்தக் குறிக்காக யாரும் கூடுதலாக ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

ரப்பர் தரையைப் பிடிக்கும் விதம்தான் எனக்கு இந்த வண்டியிலேயே பிடித்தது. உராய்வு விசை தொடுபரப்பைச் சார்ந்ததல்ல என்று பள்ளியில் படித்த விதிக்கு ரப்பர் கட்டுப்படாது. வண்டியை 45 பாகை சாய்த்து வளைவெடுக்க உராய்வுக் குணகம் 1 வேண்டும். நல்ல ரப்பர் காய்ந்த ட்ராக்கில் அதைத் தாண்டும். எப்படி?

தார்ச்சாலை ஜல்லிக்கற்களின் மேடுபள்ளம். ரப்பர் ஒவ்வொரு கல் முனையிலும் ஏறி, அமுங்கி, இறங்குகிறது. ஸ்பிரிங்காக இருந்தால் அமுங்கிய அதே வேகத்தில் எழும்பி, கல்லின் முன்பக்கம் கொடுத்த அழுத்தத்தைப் பின்பக்கமும் கொடுத்துக் கணக்கைச் சரிசெய்துவிடும். வழுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். ரப்பர் அப்படிச் செய்வதில்லை. எழும்பத் தாமதிக்கிறது. அதற்குள் கல் நகர்ந்துவிடுகிறது. முன்பக்கம் அழுத்தம் கூடுதல், பின்பக்கம் குறைவு. மிஞ்சும் விசை வழுக்கலை எதிர்க்கிறது. போன ஆற்றல் வெப்பமாகிறது. ரப்பரின் இந்தச் சோம்பலைத்தான் நாம் கிரிப் என்கிறோம். மூலக்கூறுகள் தரையோடு நேராக ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்குத் தரை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கவேண்டும்.

ராத்திரிக் கடையில் புரோட்டா மாவைக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. பிசைந்த கையோடு மாவை வெடுக்கென்று இழுத்தால் சுருங்கித் திரும்பும். மெல்ல இழுத்தால் நீண்டு, நீண்டபடியே கிடக்கும். ஒரே மாவு, இழுக்கும் வேகத்துக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்காகவும் பாகாகவும் இருக்கிறது. ரப்பரும் அப்படியே. குளிர்ந்த மாவு விறைக்கும், வெயிலில் வைத்த மாவு தளர்ந்து கையில் பிசுபிசுக்கும். ட்ராக்கில் அளவு மீறிச் சூடான டயரும் அப்படித்தான் தளர்ந்து பிடியை விடுகிறது. இந்த ஒப்புமை வெறும் பேச்சுக்கில்லை. மைதாவின் குளூட்டன் சங்கிலிகளைக் கோத்துப் பிடிப்பது கந்தக அணுக்கள். வல்கனைசிங்கில் ரப்பர் சங்கிலிகளைக் கோப்பதும் கந்தகமே. புரோட்டா மாஸ்டர் மாவை எண்ணெயில் ஊறவைத்து இழுவிசையைத் தளர்த்துவது போல, ரப்பர் கலவைக்காரரும் எண்ணெய் சேர்த்துத்தான் மென்மையாக்குகிறார். மாஸ்டருக்கு ஒரே ஒரு வசதி: ஒரு நேரத்தில் ஒரு வேகத்தில் வீசினால் போதும். டயருக்கு அந்தச் சலுகை கிடையாது.

100 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் நொடிக்கு 14, 15 சுற்று சுற்றுகிறது. ரப்பரின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு அத்தனை முறை தரையில் நசுங்கி எழும். இது மெதுவான அசைவு. இதில் ஆற்றல் வீணானால் பெட்ரோல் செலவு, வீண் சூடு. அதே நேரம் ஜல்லியின் நுண்முனைகள் அதே ரப்பரை நொடிக்கு ஆயிரக்கணக்கிலிருந்து லட்சக்கணக்கான முறை குத்துகின்றன. இங்கே ஆற்றல் இழந்தே ஆகவேண்டும், இழந்தால்தான் கிரிப். ஆக ஒரே ரப்பர், ஒரே கணத்தில், மெதுவான அசைவுக்குச் சுறுசுறுப்பாகவும் வேகமான அசைவுக்குச் சோம்பேறியாகவும் இருக்கவேண்டும்.

இதைச் சாத்தியமாக்குவது ஓர் இயற்பியல் அழகு. ரப்பருக்கு வேகமும் குளிரும் ஒன்று. அதிர்வு பத்து மடங்கு கூடினால், ஏறத்தாழ 7, 8 பாகை குளிர்ந்தது போல நடந்துகொள்கிறது. 14 எங்கே, லட்சத்துக்கு மேல் எங்கே? பத்து மடங்காக நான்கு முறை கூடியிருக்கிறது. மதுரை வெயிலில் 60 பாகையில் இருக்கும் டயர், ஜல்லி முனையைத் தொடும் இடத்தில் மட்டும் 30 பாகை குளிர்ந்த ரப்பராக மாறுகிறது. கலவைக்காரரின் வேலை, 60 பாகையில் இழப்புக் குறைவாகவும் குளிரில் இழப்புக் கூடுதலாகவும் இருக்கும் ரப்பரைச் சமைப்பது. 1990-களின் தொடக்கத்தில் மிஷெலின் கரித்தூளுக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்து இதில் பெரிய தாவல் தாவியது. கரித்துகள்கள் தங்களுக்குள் உரசி மெதுவான அசைவிலும் சூட்டைக் கிளப்பும். ரப்பரோடு வேதியியலாகப் பிணைத்த சிலிக்கா அவ்வளவு கிளப்பாது.

இப்போது ரோட்டையும் ட்ராக்கையும் பிரித்துப் பார்க்கலாம். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயோ ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையோ, அங்கே வளைவும் பிரேக்கும் மாறிமாறி வருவதால் டயரின் நடுவும் ஓரங்களும் சேர்ந்து சூடேறுகின்றன. மேலூர் ரோட்டில் நேராக அரை மணி நேரம் ஓட்டினால் நடுப்பகுதிதான் வேலை செய்திருக்கும். அடுத்த வளைவில் சாய்க்கும்போது தரையைத் தொடுவது இன்னும் வேலைக்கு வராத ஓரம். அந்த வளைவில் எம்-சாண்ட் லாரி சிந்திய மணலோ அறுவடைக் காலத்தில் காயப்போட்ட நெல்லோ கிடந்தால், ரப்பர் ஜல்லி முனையைத் தொடவே முடியாது. மேலே சொன்ன இயற்பியல் முழுவதும் அந்த இடத்தில் நின்றுவிடும். டிராக்‌ஷன் கண்ட்ரோலும் ஏபிஎஸ்ஸும் இருக்கிற கிரிப்பை வீணாக்காமல் பங்கிடும். இல்லாத கிரிப்பை உண்டாக்காது. நத்தம் பறக்கும் பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம் என்பதால் அது ட்ராக் ஆகிவிடாது. தடுக்கி விழுந்தால் உருண்டு நிற்க அங்கே மண்வெளி இல்லை, தடுப்புச் சுவர்தான் இருக்கிறது.

காற்றழுத்தமும் இதே கதையின் ஒரு பகுதி. காலையில் 30 பாகையில் 30 பிஎஸ்ஐ வைத்த டயர், ஓடி 70 பாகைக்குச் சூடானால் சுமார் 36 காட்டும். மதியம் பங்க்கில் அளந்து, "கூடுதலாக இருக்கிறது" என்று 6 பிஎஸ்ஐயை இறக்கிவிட்டால், மறுநாள் காலை டயர் காற்றுக் குறைந்து துவண்டு கிடக்கும். அப்படி ஓடினால் மெதுவான அசைவே பெரிதாகி டயர் வெந்துபோகும். ட்ராக்கில் அழுத்தத்தைக் குறைப்பது வேறு விஷயம். பயிற்சியாளர் சொல்லி, அளந்து, வீடு திரும்புமுன் பழையபடி நிரப்பவேண்டியது.

திருநகர் வாசகருக்கு என் முடிவு இதுதான். கோரிப்பாளையம் சிக்னலில் இன்ஜின் சூடு காலைச் சுடும், பின்சீட்டில் அம்மாவை உட்காரவைக்க முடியாது. குடும்பத்துக்கு ஒரே வண்டி என்றால் வேண்டாம். தனியாக ஓட்டுபவர், ஓட்டக் கற்க விரும்புபவர் என்றால், அலுமினியச் சட்டமும் 175 கிலோ எடையும் கைப்பிடி ரொம்பக் குனியவைக்காத அமைப்பும் சேர்ந்து, இந்த விலைக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கடினம். இந்தச் சக்தி ட்ராக்கில் கற்கத் தாராளம்; ரோட்டுக்கு அதுவே மிச்சம். சைலன்சர் மாற்ற ஒதுக்கிய பணத்தை அப்படியே ட்ராக் பயிற்சிக் கட்டணத்துக்குத் திருப்புங்கள். நல்ல பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை, வண்டியை எடுக்குமுன், வெயில் ஏறாத காலையில் இரண்டு டயரையும் அளந்து பாருங்கள்.