மூன்று பர்ஸ்... ஒரே மெட்ராஸ்!

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மேலகரம். சாரல் விழ ஆரம்பித்தால் போதும்... மெட்ராஸே எங்கள் ஊர் வழியாகத்தான் அருவிக்குப் போகும். சொகுசுக் காரில் ஒரு கோஷ்டி, அடுப்பு அண்டா சகிதம் வேனில் ஒரு கோஷ்டி, துண்டும் சோப்பு டப்பாவுமாக பஸ்ஸில் ஒரு கோஷ்டி. ஆனால், மெயின் அருவிக்குக் கீழே போய் நின்றுவிட்டால் மூன்று கோஷ்டி முதுகிலும் ஒரே அடிதான். அருவியில் ஏது சார் ஏசி கோச்?

சரி, பதிலுக்கு நாம் மெட்ராஸ் போனால்? (1996-லேயே சென்னை என்று பெயர் மாற்றிவிட்டார்கள். எங்க ஊர் வாயில்தான் இன்னும் மாறவில்லை!) அந்த ஊரை நான் மூன்று விதமான பர்ஸோடு பார்த்திருக்கிறேன்.

பர்ஸ் 1: ஆயிரம் ரூபாய்

2014-ல் ஒரு இன்டர்வியூ. அம்மா கொடுத்த ஆயிரத்தில் ஐந்நூறை உள்பாக்கெட்டில் பத்திரப்படுத்திக்கொண்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறினேன். பாத்ரூம் ஓரமாகப் பேப்பர் விரித்து ராத்திரி ஓடியது. எழும்பூரில் இறங்கியதும், சிங்கியைத் தேடிச் சிங்கன் அலைந்த மாதிரி ரூம் தேடி அலைந்தேன். (குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் எங்க ஊர்க்காரர். அதனால் இந்த உவமைக்குக் காசு கிடையாது.) கடைசியில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், ஊர்க்கார அண்ணன் ரூமில் மூன்றாவது பாயாக இடம் கிடைத்தது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. முந்தின வருஷம்தான் அம்மா உணவகம் வந்திருந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இன்டர்வியூ முடிந்து மறுநாள் எழும்பூர் மியூசியம் போனால், கேட்டில் பூட்டு. வெள்ளிக்கிழமை லீவாம்! பஸ் காசு போச்சே என்று அழாத குறை. காசில்லாதவன் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பணும் என்று அன்றைக்குப் புரிந்தது.

வேலை கிடைக்கவில்லை. ஆனால், திருவல்லிக்கேணியில் எந்தச் சந்தில் நுழைந்தால் பீச் ரோடு வரும் என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பர்ஸ் 2: கம்பெனிக் காசு

2019. வேறொரு வேலை கிடைத்து, டிரெயினிங்குக்கு அனுப்பினார்கள். தூத்துக்குடியிலிருந்து விமானம், ஸ்டார் ஹோட்டல், கூட்டிப்போகக் கார். காலையில் பஃபேயில் இருபது அயிட்டம் இருந்தது. எதை எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று தெரியாமல், நாலு இட்லியோடு எழுந்து வந்தேன். பத்தாவது மாடி ஜன்னலில் தூரத்தில் கடல் கோடு மாதிரித் தெரிந்தது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால், அது திறக்கிற ஜாதி இல்லை! மூன்று நாளும் தெருவில் கால் வைக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "மெட்ராஸ்ல என்னலே பாத்த?"

"ஏசி பாத்தேம்ப்பா!"

பர்ஸ் 3: அப்பாவோடு

அப்பாவுக்கு எழுபது வயசு. மெட்ராஸே பார்த்ததில்லை. எப்போது கூப்பிட்டாலும், "எதுக்குடே வீண் செலவு?" என்பார். 2024-ல் முழங்கால் வலி ஜாஸ்தியாகிவிட்டது. இந்த வருஷம் விட்டால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது. பத்தாயிரம் ரூபாய் சேர்த்துக்கொண்டு, கீழ் பெர்த் வாங்கிக் கிளப்பிவிட்டேன்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எழும்பூரில் ரூம் வாடகை ஆயிரத்து ஐந்நூறு. ஊருக்கு வெளியே ஒரு லாட்ஜில் எழுநூறுதான். எண்ணூறு ரூபாய் லாபம்! போய்ப் பார்த்தால் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அன்றைக்கு ஆட்டோவுக்கு மட்டும் தொள்ளாயிரத்து ஐம்பது ஆனது. ராத்திரி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "நல்ல ரூம்தாம்லே" என்றார். எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடிந்ததும் முதல் வேலையாக, எழும்பூர் ஸ்டேஷன் பக்கம் கென்னட் லேனில் லிஃப்ட் உள்ள ரூமுக்கு மாறினோம்.

மூன்று பர்ஸும் காலியான பிறகு எனக்குக் கிடைத்த கணக்கு இதுதான். சாப்பாட்டில் குறைக்கலாம். ரயிலில் குறைக்கலாம்: மூன்றடுக்கு ஏசிக்கு, ஸ்லீப்பரைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படுக்கிற இடத்தைத் தூரமாக்கி மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பஸ்ஸில் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்கணும்: 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கத்தில் இறங்கினால், எழும்பூருக்கு இன்னும் சுமார் 30 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்ற மெட்ரோ ரயில் இருக்கிறது. குறைந்தபட்ச டிக்கெட் 10 ரூபாய். எழும்பூரையும் சென்ட்ரலையும் தொட்டுப் போகிறது. ஸ்டேஷனில் லிஃப்ட் உண்டு. வயசானவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

கடைசி நாள் சாயங்காலம் மெரினா. அந்த மணலில் அப்பாவை நடக்க வைப்பது எப்படி? விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத் திறனாளிகளுக்காக 2022-ல் போட்ட மரப்பாதை இருக்கிறது. வயசானவர்களும் போகலாம். மணலில் கால் புதையாமல், கடலுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. அப்பா ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"இதுக்கு டிக்கெட்டு எவ்வளவுலே?"

"டிக்கெட்டெல்லாம் கிடையாதுப்பா."

"அப்பம் நம்ம அருவி மாதிரிதாம்னு சொல்லு!"

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா தூங்கிவிட்டார். பக்கத்தில் அவருடைய சின்னக் கணக்கு நோட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். காபி, டீ வரைக்கும் எழுதியிருந்தார்.

'கடல் - ரூ.0.00.'

அதற்கு மேல் வரியில்: 'முதல் நாள் லாட்ஜ் - ரூ.700. தண்டம். பையனிடம் சொல்லவில்லை.'