பந்தியும் பலகையும்

யார் முதலில் அமர்வது, யார் யாரருகே அமர்வது, யார் வெளியே நிற்பது என்பவற்றை ஒரு காலத்தில் பந்தியே தீர்மானித்தது. ஆதலின், சாதி வேற்றுமையை எதிர்த்தோர் பந்தியை மாற்ற முற்பட்டனர். திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த தமிழரான அய்யா சுவாமிகள், 19ஆம் நூற்றாண்டிலேயே பல சாதியாரையும் உடனமர்த்தி உணவளித்தார். வடக்கே செறாயி ஊரில் 1917இல் சகோதரன் அய்யப்பன் நடத்திய சமபந்தி கடும் எதிர்ப்பைக் கிளப்பிற்று.

உடனமர்தலை எளிதாக்கும் கட்டடம் ஒன்றைத் தைக்காட்டுக்கு அருகே தம்பானூரில் இன்று காணலாம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) வடிவமைத்த இந்தியன் காப்பி ஹவுஸ்தான் அது. 1958 முதல் கேரளத்தில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்திவரும் உணவகங்களில் இதுவும் ஒன்று. வட்டமான இச்செங்கற் கட்டடத்துள் சரிவுப்பாதை ஒன்று சுழன்று மேலேறுகிறது. சரிவில் நாற்காலி நிலையாக நிற்குமா? ஆகவே, வெளிச்சுவரை ஒட்டி மேசைகளும் பெஞ்சுகளும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டுள்ளன. சுவரின் துளைகள் வழியே காற்றும் ஒளியும் வருகின்றன.

இவ்வமைப்பில் தலைமை இடம் என்று ஒன்றில்லை. இருக்கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கவும் இயலாது. சுமை தூக்குவோரும் அலுவலரும் ஒரே வகைப் பலகையில், காலியான இடத்தில் அமர வேண்டியதுதான்.

இருக்கை மாறினால் மனமும் மாறிவிடும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், உடனுண்ண உடனமரும் இடம் வேண்டும். உணவுக்கூடம் கட்டுவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.