டிசி வாங்கும் முன்

"இவனப் பாத்துக்க இங்க ஆள் இல்லம்மா. வீட்லயே வச்சு நீங்களே சொல்லிக்குடுங்களேன்." ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு பள்ளி வாசலில் நிற்கும் தாய்க்கு இப்படித்தான் பதில் வரும். குரலில் கனிவு இருக்கும். செய்வது என்னவோ சட்ட மீறல்.

பேராவூரணி கடைமடை ஊர். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு தாண்டித் தஞ்சாவூர் போக வேண்டும். அலைச்சலில் அலுத்துப்போய், வீட்டிலேயே இருக்கட்டும் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அது தப்பான முடிவு என்று சொல்ல வரவில்லை. எடுத்தது யார் என்றுதான் கேட்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. அரசு அங்கீகாரம் பெற்ற மெட்ரிக் பள்ளியும் குறைபாட்டைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது. சேர்க்கும் முன் பிள்ளைக்குத் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது.

வீட்டில் படிக்கும் உரிமை கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் வந்தது. கடுமையான குறைபாடோ பல்வகைக் குறைபாடோ உள்ள பிள்ளை அதைக் கேட்டுப் பெறலாம்; தலைமையாசிரியர் அதைத் திணிக்க முடியாது. இந்த ஏற்பாட்டில் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் வீடு தேடி வருவார். பேராவூரணி தாலுகாவில் சேதுபாவாசத்திரமும் தனி ஒன்றியம் என்பதால், உங்கள் பள்ளி எந்த மையத்தில் வருகிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிசி வாங்கிக்கொண்டு தாமே கற்பிப்பது வேறு கதை. 14 வயதுக்குப் பின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதலாம். அதுவரை பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்க யாரும் வரமாட்டார்கள். ஆறு மாதத்தில் பாடம் நின்று டிவி மட்டும் ஓடும் வீடுகள் உண்டு. பெயரை வெட்ட அவசரப்படாதீர்கள் என்பது இதனால்தான்.

பல பிள்ளைகளுக்குப் பாடம் பிரச்சினையே இல்லை. மணிச் சத்தமும், சத்துணவு நேரத்தில் தட்டுகள் மோதும் இரைச்சலும், கழிவறை நாற்றமும்தான் ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிடுவான். வராண்டாவில் தனியாகச் சாப்பிட விடுவது, வாசலோரம் இடம் தருவது, முதல் சில மாதம் அரைநாள் மட்டும் வரவழைப்பது: செலவில்லாத ஏற்பாடுகள். தேவைக்கேற்ற வசதி செய்து தருவது பள்ளியின் கடமை என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மொழி விலக்கு ஆகியவையும் அதில் உண்டு.

இன்னொன்று, தண்ணீர். சில பிள்ளைகள் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள். குளம், வாய்க்கால் என்றால் கால் தானாகப் போகும். பள்ளியில் கேட் பூட்டியிருக்கிறதா என்று கேட்கிறோம். அம்மா சமையலில் இருக்கும்போது வீட்டில் யார் பார்ப்பது என்பதையும் கேட்க வேண்டும்.

பள்ளி சேர்க்க மறுத்தால், அதை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் நடந்ததை நீங்களே எழுதி விரைவுத் தபாலில் பள்ளிக்கு அனுப்புங்கள். அதன் நகலோடு வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம், கடைசியாகச் சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம்; மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. எங்கே மனு கொடுத்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.